பனிக்காலத்துத் துளசி

தில்லி மாநகரில் குடியேறிய நம்மவர்க்குத் தோட்டம் என்றதும் நினைவில் எழுவது லோதித் தோட்டமே. 1936-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயருடன் திறக்கப்பெற்று, நாடு விடுதலை அடைந்த பின்னர் இப்பெயர் பெற்றது. முகம்மது ஷா, சிக்கந்தர் லோதி ஆகியோரின் கல்லறைகளைச் சூழ்ந்த மரநிழலும் புல்வெளியும் சிறு குடியிருப்புகளில் வாழும் நமக்குப் பெரும்பேறு. ஆயினும் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பத்தானே வேண்டும்! நமக்கே உரிய தோட்டம் மாடி முகப்பிலுள்ள துளசித் தொட்டி ஒன்றே.

அதனையும் மார்கழிப் பனி விட்டுவைப்பதில்லை. ஊரிலிருந்து அன்னையார் மடியில் வைத்துக் கொணர்ந்த செடி முதற் குளிர்காலத்திலேயே கருகிற்று. இலை வாடக் கண்டு, நீர் போதவில்லை என்றெண்ணி, நாளும் இருவேளை நீர் வார்த்தோம், வேர் அழுகிற்று. அன்னையார் ஒரு வாரம் பட்ட செடியையே வலம் வந்தார்கள்.

பட்டபின் கற்றோம். துளசி வெப்பநாட்டுச் செடி. கடுங்குளிரில் அதன் வளர்ச்சி ஒடுங்கும். வேரும் மிகுதியாக நீர் உறிஞ்சாது. ஆதலின் மேல்மண் உலர்ந்த பிறகே, வெயில் ஏறியபின், சிறிது நீர் வார்த்தல் போதும். பகலில் வெயில் படும் தெற்குப்புறத்திலும், இரவில் வீட்டினுள்ளும் தொட்டியை வைத்தல் வேண்டும். தூக்கவியலாத தொட்டியாயின் மெல்லிய துணியால் இரவில் மூடலாம். கதிர்களைக் கிள்ளிவிடின் கிளை பெருகும். இரண்டொரு கதிரை மட்டும் விதைக்கென முற்றவிடுக.

அன்னையார் அப்பட்ட செடியின் உலர்ந்த கதிர்களை உதிர்த்து வைத்திருந்தார்கள். மாசி கழிந்து குளிர் தணிந்ததும் அவ்விதையைத் தூவி, மெல்லியதாக மண் மூடினோம். இன்று முகப்பில் நிற்பது அதன் வழித்தோன்றலே. அண்டை வீட்டாரும் விதை பெற்றுச் சென்றனர். அன்பர்களே, நீங்களும் ஒரு கதிர் காத்து வையுங்கள்.