குடல் நுண்ணுயிரிகளும் தன்னெதிர்ப்பு நோய்களும்

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே அயல்பொருள் எனக் கருதித் தாக்குவதால் உண்டாகும் நோய்கள் தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படும். முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சியான யுவியைட்டிஸில் ஒரு பகுதி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கும் குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் உள்ள தொடர்பு இப்போது விரிவாக ஆராயப்படுகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி ஒரு முடக்குவாத நோயாளி. இராணுவ மருத்துவராக இருந்த அவர் 1948இல் இந்நோயால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிப்போன விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். முப்பது வயதில் ஒருவரின் மூட்டுகளை அவருடைய உடலே ஏன் தாக்கத் தொடங்குகிறது? மரபணு ஒரு காரணம், புகைபிடித்தல் போன்றவை வேறு சில. குடலையும் இப்போது அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

குடலின் பங்கு

குடலைச் சுற்றி நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஏராளமாக உள்ளன. எதைத் தாக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று அவை பழகும் இடங்களுள் குடலும் ஒன்று. கீரை, பயறு, சிறுதானியம் ஆகியவற்றின் நார்ச்சத்தை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இவை குடற்சுவரை உறுதிப்படுத்துவதோடு, அழற்சியை அடக்கும் டி செல்கள் பெருகவும் உதவுகின்றன. இந்நுண்ணுயிரிகள் குறைந்தால் அந்தக் கடிவாளம் தளர்கிறது.

இன்னொரு வழி உருவ ஒற்றுமை. கிருமியின் புரதமும் உடலின் புரதமும் ஒத்திருந்தால், கிருமிக்கு எதிராக எழுந்த எதிர்ப்பு உடலின் மீதும் பாயும். இதற்கு மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு, ஆனால் அது குடல் கிருமி அல்ல. 1993இன் பெருமழை வெள்ளத்தை அடுத்து மதுரைப் பகுதியில் எலிக்காய்ச்சல் பரவியது. அதன்பின் 1994இல் ஒரே மாதிரியான யுவியைட்டிஸுடன் 73 பேர் அரவிந்த் மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டனர். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் இரு புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், இத்தகைய கண்நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே எதிர்ப்பொருள்கள் குதிரைக் கண்ணின் வில்லை, விழித்திரைப் புரதங்களோடும் ஒட்டிக்கொள்வது முன்பே தெரிந்திருந்தது.

குடல் கிருமிகள் கண்ணைத் தொடாமலேயே இதைச் செய்யக்கூடும். 2015இல் அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பி குழுவினர், விழித்திரைப் புரதத்தைத் தாக்கும் டி செல்கள் கொண்ட எலிகளை ஆராய்ந்தனர். அந்தச் செல்கள் குடலிலேயே தூண்டப்பட்டன. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிரிகளைக் குறைத்தபோது கண்நோய் மட்டுப்பட்டது.

மனிதரில் கண்டவை

எலியில் காரணத்தைக் காட்ட முடிந்தது. மனிதரில் பெரும்பாலும் தொடர்பை மட்டுமே காண முடிகிறது. 2013இல் வெளியான நியூயார்க் ஆய்வில், சிகிச்சை தொடங்காத புதிய முடக்குவாத நோயாளிகள் 44 பேரில் 33 பேரின் குடலில் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. நலமாக இருந்த 28 பேரில் 6 பேரிடமே இருந்தது. இந்த எண்களை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாது. சோறும் பருப்பும் உண்ணும் இந்தியர்களின் குடலில், நலமாக இருப்பவர்களிடமும் பிரிவோடெல்லா இயல்பாகவே மிகுதி. மலப் பரிசோதனையில் அது தென்பட்டது என்பதற்காக எவரையும் நோயாளி எனச் சொல்வது தவறு.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தின் 2018 ஆய்வு, ஒப்பீட்டுக்கு இந்தியர்களையே எடுத்துக்கொண்டதால் நமக்கு அதிகம் பொருந்துகிறது. யுவியைட்டிஸ் நோயாளிகளிடம் பீகாலிபாக்டீரியம் உள்ளிட்ட, அழற்சியை அடக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. ஆனாலும் நோயால் குடல் மாறியதா, குடல் மாறியதால் நோய் வந்ததா, உண்ட மருந்தால் இரண்டும் மாறினவா என்பதை ஒரே ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்துப் பிரித்தறிய முடியாது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

பழைய சோறும் மோரும் குடித்தால் முடக்குவாதம் தீரும் என்ற பேச்சு பரவலாக உள்ளது. இவை நல்ல உணவுகள்தான், கேழ்வரகுக் கூழும் அப்படியே. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துக்கு இவை மாற்றல்ல. எலி ஆய்வைப் பார்த்து ஆன்டிபயாடிக்கைத் தாமாக வாங்கி விழுங்குவது இன்னும் கேடு. அது நல்ல நுண்ணுயிரிகளையும் அழிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து, அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். யுவியைட்டிஸில் மருத்துவம் தடைபட்டால் கண்புரை, கண் அழுத்த நோய், நிரந்தரப் பார்வையிழப்பு வரை போகலாம். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.