‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று செயலி நின்றுவிட்டால்

லால்பேட்டையில் உம்ரா டிராவல்ஸ் ஒன்றுக்கு நீங்கள் ஒரு செயலி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயணியின் பெயர், பாஸ்போர்ட் எண், கட்டிய முன்பணம், மீதித் தொகை எல்லாம் அதில்தான். பகலில் நன்றாக ஓடுகிறது. ரமலான் நெருங்க நெருங்க, இரவு ஏழரை எட்டு மணிவாக்கில் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. அரை நிமிடம் கழித்து ஒரு பிழைச் செய்தி வருகிறது. சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. மறுநாள் இரவு மறுபடியும் அதே கதை.

ஏன் இரவில் மட்டும்? சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்து மணிக்கு வேலை முடித்தவர் பெற்றோரின் பயணத்துக்குப் பணம் கட்டச் செயலியைத் திறக்கும்போது இங்கே இரவு ஏழரை. உள்ளூர் ஆட்களும் அந்த நேரத்தில்தான் கடைக்கு வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்கின்றன.

பெருங்கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோருக்கான கொரோனா தடுப்பூசிப் பதிவை அரசின் கோவின் தளம் திறந்தபோது பலருக்குப் பக்கமே வரவில்லை. ஆனால் உங்கள் டிராவல்ஸுக்கு வருவது முப்பது நாற்பது பேர். அதற்கே ஏன் நிற்க வேண்டும்?

அதற்கு, இணைப்பு என்றால் என்னவென்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் செயலி தகவல்களைத் தானே வைத்திருப்பதில்லை. டேட்டாபேஸ் (தகவல்களை ஒழுங்காகச் சேமித்து, கேட்டால் எடுத்துத் தரும் மென்பொருள்) ஒன்றிடம் கொடுத்து வைக்கிறது. ஒவ்வொரு முறை கேட்கவும் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழிதான் இணைப்பு. திறக்க நேரம் பிடிக்கும், நினைவகமும் செலவாகும். அதனால் சிலவற்றை முன்பே திறந்து கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளின் கையிருப்பு) ஒன்றில் வைத்துக்கொள்வார்கள். செயலி அதிலிருந்து ஒன்றை எடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும்.

நிக்காஹ் விருந்துக்கு ஜமாஅத்திலிருந்து தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்) வாங்கி வருவதைப் போலத்தான் இது. பத்து தேக்சா இருக்கிறது. விருந்து முடிந்ததும் கழுவித் திருப்பினால் அடுத்த வீட்டுக்குக் கிடைக்கும். யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் அது கிடந்தால், பதினோராவது வீடு காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தக் கையிருப்பில் எத்தனை இருக்கும்? நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால், ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஹிக்காரி பூலில் அதிகபட்சம் 10. எல்லாம் வெளியே போயிருந்தால், அடுத்து வருபவர் 30 நொடி காத்திருப்பார். அதற்குள் கிடைக்காவிட்டால் பிழை. உங்கள் திரை அரை நிமிடம் சுற்றியதன் காரணம் அதுதான்.

பத்து போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலை இணைப்பை 50 மில்லிநொடி வைத்திருந்தால், ஓர் இணைப்பு நொடிக்கு 20 வேலை முடிக்கும். பத்து இணைப்பு 200 வேலை முடிக்கும். ஒரு டிராவல்ஸுக்கு அது தாராளம். அதே வேலை இணைப்பை 3 நொடி பிடித்து வைத்துக்கொண்டால்? பத்து இணைப்பும் சேர்ந்து நொடிக்கு மூன்று வேலைதான் முடிக்கும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே நாலைந்து வேலைகள் கிளம்பும். முப்பது பேருக்கு நின்றுபோனதன் காரணம் இப்போது புரியும்: ஆட்கள் எண்ணிக்கையைவிட, ஒவ்வொருவரும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

அப்படியானால் பத்தை நூறாக்கிவிட்டால் என்ன? எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். செய்யாதீர்கள் என்றே சொல்வேன். டேட்டாபேஸுக்கும் ஓர் எல்லை உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் இயல்பில் 100 இணைப்புகளை ஏற்கும். அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொன்று 151 ஏற்கும். உங்கள் செயலியின் நான்கு நகல்கள் ஓடி, ஒவ்வொன்றிலும் பூல் அளவு 30 என்றால் மொத்தம் 120. போஸ்ட்கிரெஸின் எல்லையை அது அங்கேயே தாண்டிவிட்டது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய நகல்களும் புதியவையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும்; அப்போது அது இரட்டிப்பாகும். இரவில் தானாக ஓடும் கணக்கு அறிக்கையும் தன் பங்குக்குச் சில இணைப்புகளை எடுக்கும்.

எல்லையைத் தாண்டாவிட்டாலும் வேகம் கூடும் என்று சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் சர்வரில் ஒரு தனிச் செயல்முறை. நான்கு கோர் கொண்ட சர்வரில் நூறு பேர் ஒரே நேரத்தில் வேலை கேட்டால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதிலேயே நேரம் போகும். ஹிக்காரியை எழுதியவர்கள் தங்கள் விளக்கக் குறிப்பில் ஆரக்கிள் நிறுவனத்தாரின் சோதனை ஒன்றைச் சுட்டுகிறார்கள். பூல் அளவைக் குறைத்ததாலேயே பதில் நேரம் சுமார் 100 மில்லிநொடியிலிருந்து 2 மில்லிநொடிக்கு இறங்கியது.

சரி, எங்கே தேடுவது? பிழைச் செய்தியிலிருந்தே தொடங்குங்கள். ‘இணைப்பு கிடைக்கவில்லை, 30,000 மில்லிநொடி காத்திருந்தும் வரவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் உங்கள் செயலியின் பூல் தீர்ந்துவிட்டது. டேட்டாபேஸில் இடம் இருக்கக்கூடும். ‘இணைப்புகள் மிக அதிகம்’ என்று டேட்டாபேஸே சொன்னால் அதன் எல்லை நிரம்பிவிட்டது. முதலாவதற்கு உங்கள் நிரலைப் பாருங்கள். இரண்டாவதற்கு, வேறு யாரெல்லாம் அந்த டேட்டாபேஸைத் தொடுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். சர்வரை மறுபடி தொடங்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். தொடங்கிய மறுகணம் சாட்சியெல்லாம் அழிந்துவிடும். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்று ஒரு பட்டியல் உண்டு. யார் இணைந்திருக்கிறார்கள், என்ன நிலையில் இருக்கிறார்கள், எப்போதிலிருந்து, கடைசியாக என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் ‘ஷோ புராசஸ்லிஸ்ட்’ என்ற கட்டளை ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு பிறகு சர்வரைத் தொடங்குங்கள். நிர்வாகிக்கென்று அந்த 3 இடங்களை ஒதுக்கியிருப்பதே இப்படி எல்லாம் நிரம்பிய நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கத்தான். அதனால் செயலிக்கு நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த இடங்களையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

பட்டியலை எப்படிப் படிப்பது? பெரும்பாலானவை ‘ஆக்டிவ்’ (இப்போது வேலை செய்கிறது) என்று இருந்து, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி தெரிந்தால், அந்தக் கேள்வி மெதுவானது. இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) இல்லாததே பெரும்பாலும் காரணம். பயணியின் எண்ணை வைத்து அவர் கட்டிய தவணைகளைத் தேடுகிறீர்கள். தவணை அட்டவணையில் அந்த எண்ணுக்கு இன்டெக்ஸ் உண்டா? இரண்டு அட்டவணைகளை நீங்கள் தொடர்புபடுத்திவிட்டதால் மட்டும் போஸ்ட்கிரெஸ் அதைத் தானாகப் போடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. நூறு பயணி இருக்கும்போது குறை தெரியாது. அட்டவணை வளர்ந்தபின் தெரியும்.

வேலை செய்வதாகக் காட்டியும் நகராமல், பூட்டுக்காகக் காத்திருப்பதாகத் தெரிந்தால், வேறொருவர் அட்டவணையின் அதே வரியைப் பிடித்து வைத்திருக்கிறார். அவரைக் கண்டுபிடியுங்கள், காத்திருப்பவர்கள் மேல் தவறு இல்லை.

பெரும்பாலானவை ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று இருந்தால்? டிரான்சாக்‌ஷன் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத்தொகுதி) ஒன்றைத் தொடங்கிவிட்டு, உங்கள் செயலி வேறெங்கோ போய்விட்டது என்று பொருள். சிறு செயலிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பணம் பெற்றதை டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள். அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஜித்தாவில் இருக்கும் மகனின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறீர்கள். குறுஞ்செய்தி நிறுவனம் பதில் சொல்ல மூன்று நொடி ஆகிறது. அந்த மூன்று நொடியும் இணைப்பு உங்கள் கையில் சும்மா இருக்கிறது. பணப் பரிமாற்ற நிறுவனத்தைக் கேட்பது, மின்னஞ்சல் அனுப்புவது, ரசீதைப் பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் இதே வகை. டேட்டாபேஸ் வேலையை முடித்து, இணைப்பைத் திருப்பி வைத்துவிட்டு, அதன் பிறகு வெளியாட்களிடம் பேசுங்கள். செய்தி போகாவிட்டால் என்ன செய்வது என்ற பயமா? ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஓர் அட்டவணையில் அதே டிரான்சாக்‌ஷனில் எழுதி வையுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலை அதைப் பார்த்து அனுப்பட்டும்.

ஸ்பிரிங் பூட் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ‘ஓப்பன் இன் வியூ’ என்ற அமைப்பு அதில் இயல்பாகவே இயங்கும். அது இருந்தால், முதல் கேள்விக்கு எடுத்த இணைப்பு, பக்கம் முழுதும் தயாராகி வெளியே போகும்வரை கையிலேயே இருந்துவிடும். அதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில பக்கங்கள் பிழை காட்டினால், தகவலை நேரங்கழித்து எடுத்துக்கொண்டிருந்த இடங்கள் அவை. ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

பட்டியலில் எல்லாமே ‘ஐடில்’ (சும்மா இருக்கிறது), ஆனால் செயலியோ பூல் காலி என்கிறது. இது எப்படி? எடுத்தவர் திருப்பவில்லை, கசிவு. நடுவில் பிழை வந்து, மூடும் வரிக்குப் போகாமலே நிரல் வெளியேறியிருக்கும். போஸ்ட்கிரெஸில், சும்மா இருக்கும் இணைப்பிலும் கடைசியாகக் கேட்ட கேள்வி பட்டியலில் நிற்கும். அந்தக் கேள்வியை உங்கள் நிரலில் தேடினால் திருப்பாத இடத்துக்கே போய்ச் சேர்வீர்கள். ஹிக்காரியில் கசிவைக் கண்டறியும் அமைப்பும் உண்டு, ஆனால் இயல்பில் அது இயங்காது. பத்து நொடி என்று வைத்தால், அதற்கு மேல் திரும்பாத இணைப்பை எந்த வரியில் எடுத்தார்கள் என்று பதிவேட்டில் எழுதும். ஜாவாவில் 2011-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, பிழை வந்தாலும் வராவிட்டாலும் தானாக மூடும் ‘டிரை வித் ரிசோர்சஸ்’ வசதி இருக்கிறது. கையால் மூடும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

கசிவும் இல்லை, மெதுவான கேள்வியும் இல்லை, ஆனாலும் எல்லாம் உறைந்து நிற்கிறதா? ஒரு வேலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பு தேவைப்படுகிறதா என்று பாருங்கள். பத்து பேர் ஆளுக்கொன்று எடுத்துவிட்டு, இரண்டாவதற்காக ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து நிற்பார்கள். ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இன்னொரு புதிய டிரான்சாக்‌ஷனைத் திறக்கும் இடங்களில் இது வரும்.

இதையெல்லாம் திருத்தியபின் காப்புக்காகச் சில நேர எல்லைகள் வையுங்கள். டிரான்சாக்‌ஷனில் சும்மா நிற்கும் இணைப்பை இத்தனை நொடிக்குப் பின் வெட்டிவிடு என்று போஸ்ட்கிரெஸிடம் சொல்லலாம். 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு, நீங்கள் சொன்னால்தான் இயங்கும். காத்திருக்கும் 30 நொடியையும் ஐந்து நொடிபோலக் குறையுங்கள். அரை நிமிடம் நிற்கும் திரையைப் பார்ப்பவர் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தலும் வரிசையில் இன்னோர் ஆள். பணம் இருமுறை கட்டப்பட்டதோ என்ற கவலையும் அப்போதுதான் கிளம்பும். நகல்கள் உண்மையிலேயே நிறைய இருந்தால், பிஜிபவுன்சர் போன்ற இடையாள் மென்பொருளை வைத்து, பல செயலிகள் சில இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். கசிவை அது குணப்படுத்தாது. அதனால் கடைசியில்தான் அதைச் சொல்கிறேன்.

நீங்கள் நிரல் எழுதுபவராக இல்லாமல் கடை நடத்துபவராகவும் இருக்கலாம். செயலி நிற்கும்போது ‘ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், சரியாயிடுச்சு’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். எந்த நேரம் நின்றது, எந்தப் பக்கத்தில் நின்றது, திரையில் என்ன வந்தது என்று குறித்து அனுப்புங்கள். அந்த நேரத்து இணைப்புப் பட்டியலை எடுத்து வைத்தீர்களா என்று செயலியை எழுதியவரிடம் கேளுங்கள். அடுத்த ரமலானுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.