அப்பாலும் அண்மையும்: சுவிசேஷ இறையியலில் இறைவனின் இரு நிலைகள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்பவரின் பார்வையில் மலைக்கோட்டையும் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரமும் ஒருங்கே படும். வடக்கே காவிரியைக் கடந்தால் இராமானுஜர் வாழ்ந்த ஸ்ரீரங்கம். தெற்கே சென்றால் நத்தர்வலி தர்கா. கோட்டைப் பகுதியில், ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் 1766இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. முஸ்லிம்களோடு உரையாடப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர் அவர். அவர் சார்ந்திருந்த ஜெர்மானியப் பக்தியெழுச்சி மரபு, இன்றைய சுவிசேஷக் கிறித்தவத்தின் வேர்களுள் ஒன்று.

சுவிசேஷக் கிறித்தவர்கள் இறைவனைப் படைப்போடு கலந்துவிட்டனர் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அவர்களுடைய இறையியல் நூல்களைப் புரட்டினால் வேறு காட்சி தென்படுகிறது.

இறைவன் படைப்புக்கு அப்பாற்பட்டவன். உலகம் இல்லாவிடினும் அவனுக்குக் குறைவில்லை என்பது கடந்த நிலை. படைப்பு முழுவதையும் அவன் அணுகி நின்று தாங்குகிறான் என்பது உள்ளுறை நிலை. உன்னதத்தில் உறைபவனே நொறுங்கிய உள்ளத்தோடும் இருக்கிறான் என்று உரைக்கும் ஏசாயா 57ஆம் அதிகாரத்தை இவ்விரண்டுக்கும் ஒருசேரச் சான்றாக அவர்கள் காட்டுவர். முன்னதை மட்டும் வற்புறுத்தினால் இறைவன் உலகைக் கைவிட்டவனாகிறான். பின்னதை மட்டும் வற்புறுத்தினால் உலகமே இறைவனாகிவிடுகிறது. சுவிசேஷ அறிஞர்களான ஸ்டான்லி கிரென்ஸும் ரோஜர் ஆல்சனும் 1992இல் வெளியிட்ட நூலில், இருபதாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலின் வரலாற்றையே இவ்விரு நிலைகளுக்கிடையேயான ஊசலாட்டமாக விளக்கினர்.

அந்த ஊசலாட்டம் தமிழகத்திலும் நிகழ்ந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னர் கோவைப் பேராயராகப் பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975), கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் ஒரு நூல் எழுதினார். இராமானுஜரின் 'அந்தர்யாமி' என்னும் சொல்லைக் கொண்டே இறைவனின் உள்ளுறை நிலையை அவர் விளக்கினார். ஆயினும் உயிர் இறைவனில் கரைந்து ஒன்றாகிறது என்பதை அவர் ஏற்கவில்லை; அன்பாலும் ஒழுக்கத்தாலும் அமையும் இணைவையே பேசினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் எதிர்த்திசைக் குரல் வலுப்பெற்றது. ஜாவா முஸ்லிம்களின் சமய நூலொன்றை ஆராய்ந்து பட்டம் பெற்ற டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், அம்மாநாட்டுக்கென எழுதிய நூலில், இறைவனின் வெளிப்பாடு மனிதச் சமய அனுபவங்கள் அனைத்துக்கும் அப்பாற்பட்டது என்று வாதிட்டார். கடந்த நிலையை வற்புறுத்திய கார்ல் பார்த்தின் செல்வாக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சுவிசேஷ இறையியல் இறையண்மையை மூன்று படிகளாகப் பிரித்துக் காண்கிறது: படைப்பனைத்தையும் தாங்கும் பொதுவான அண்மை, நம்பிக்கையாளரிடம் பரிசுத்த ஆவி உறைதல், வரலாற்றில் ஒரேயொரு முறை நிகழ்ந்ததாக அவர்கள் நம்பும் மனித அவதாரம். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாலேயே நம் விமர்சனங்கள் பல இலக்குத் தவறுகின்றன.

முதற்படியில் நமக்கு அந்நியமானது அதிகமில்லை. இறைவனுக்கு ஒப்பு எதுவுமில்லை என்பதை அல்குர்ஆன் 42:11 அறிவிக்கிறது. 50:16 அவனது நெருக்கத்தைப் பிடரி நரம்பைச் சுட்டிப் பேசுகிறது. ஒப்புமையினின்று இறைவனைத் தூய்மைப்படுத்தும் 'தன்ஸீஹ்', ஒப்புமை வழியே அவனைப் பேசும் 'தஷ்பீஹ்' ஆகியவை குறித்து நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்ததும் இதே வினாவை முன்னிட்டுத்தான். கருத்து வேறுபாடு இரண்டாம் படியில் தொடங்கி, மூன்றாம் படியில் முழுமையாகிறது. ஈஸா நபி (அலை) அவர்களை இறைத்தூதராக ஏற்கும் நம் அகீதா, இறைவன் மனித உருவெடுத்தான் என்பதை ஏற்பதில்லை.

ஆகவே, அயலார் சொல்லாத ஒன்றை மறுத்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. அவர்கள் உண்மையில் நம்புவதை அறிந்து, வேறுபாட்டை அது இருக்குமிடத்தில் வைத்துப் பேசுவதே நீதி. நத்தர்வலி தர்காவும் சுவார்ட்ஸின் ஆலயமும் ஒரே ஊரில் இருக்கும் இம்மண்ணில் அந்த நீதியைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு நமக்கு இன்னும் கூடுதலாக உண்டு.