திண்ணையில் தொடங்கிய விண்வெளிப் போர்

ஆட்டப் பலகை பிழைக்க ஆள் வேண்டும். மேல்நாட்டு மேஜைப் போர்களில் மைசூருக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மைசூர் அக்ரஹாரம் போன்ற பழைய தெருக்களில் பரணைக் குடைந்தால் ஒரு பல்லாங்குழிப் பலகை கிடைக்கக்கூடும். கன்னடத்தில் அதற்கு அளகுளிமணெ என்று பெயர். பக்கத்திலேயே ஒரு பையில் சோழிகளும் இருக்கலாம். ஆடக் கற்றுக்கொடுத்த பாட்டிதான் இருக்கமாட்டார். பலகை கைக்கு வந்தும் ஆட்டம் வராத கதை இது.

இதே சிக்கல் விண்கலங்களை மேஜைமேல் மோதவிடும் மேல்நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

1968இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் ஓர் ஆட்டத் திருவிழாவைக் கூட்டினார். ‘ஜென் கான்’ என்ற பெயரில் அது இன்று இண்டியானாபொலிஸ் நகரில் பல்லாயிரம் பேரை ஈர்க்கிறது. இத்தகைய திருவிழாக்களில் முன்பின் தெரியாத ஆறேழு பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். கையில் சுமார் நான்கு மணி நேரம். பலர் அந்த ஆட்டத்தை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை.

இங்கிலாந்தின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘ஃபுல் த்ரஸ்ட்’ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேஜைமேல் கறுப்புத் துணி, அதுதான் ஆகாயம். அதன்மேல் விரல் நீளக் கலங்கள். ஒவ்வொருவரும் தன் கலங்களுக்கான கட்டளையை ரகசியமாக எழுதுகிறார்: வேகம் எவ்வளவு, எந்தப் பக்கம் திரும்பவேண்டும். பிறகு எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. முந்தைய சுற்றின் வேகம் அடுத்த சுற்றிலும் தொடரும். விண்வெளியில் பிரேக் போட்டு நிற்க முடியாதல்லவா? இது புரியாத புதியவரின் கலம் எதிரியைத் தாண்டி, மேஜை விளிம்பையும் தாண்டிப் போய்விடுகிறது.

பெரிய கதிர் பீரங்கி 12 அங்குலத்துக்குள் சுட்டால் மூன்று பகடை, 24 அங்குலம்வரை இரண்டு, 36 அங்குலம்வரை ஒன்று. கவசத் திரை இல்லாத கலமானால் 4, 5 விழுந்தால் ஓர் அடி. 6 விழுந்தால் இரண்டு. அடிபட்ட கலத்தின் அட்டையில் அத்தனை கட்டங்களை அடிக்கவேண்டும். ஒரு வரிசை முழுதும் தீர்ந்தால், எஞ்சின் போகிறதா, பீரங்கி போகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டவேண்டும். கேட்கக் குழப்பமாக இருப்பது, ஒரு சுற்று ஆடிப் பார்த்ததும் விளங்கிவிடுகிறது.

அப்படி விளங்க வைப்பவர் ஆட்டத்தை நடத்துபவர். விதிப் புத்தகத்தை அவர் உரக்கப் படித்துக்கொண்டிருப்பதில்லை. முதல் சுற்றை ஆட வைத்து, தேவைப்படும் விதியைத் தேவைப்படும்போது சொல்கிறார். புதியவருக்கு ஒரு கப்பற்படையையே கொடுக்காமல், இரண்டு சிறு கலங்களைக் கொடுக்கிறார். தகராறு வந்தால் உடனே தீர்ப்பு; புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மணியிலேயே கலங்களை இழந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதபடி துணைப்படை என்று ஒன்றை வரவழைக்கிறார். கடிகாரத்தைப் பார்த்து, யார் வென்றார் என்று தெரியும்படி ஆட்டத்தை முடிக்கிறார். பெரும்பாலும் அவர் தாம் ஆடுவதில்லை.

இந்த நடுவர் பதவி பழையது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே நடுவர் உண்டு. அதற்கும் முன்னோடி 1780இல் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் உருவாக்கிய ஆட்டம். அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை சதுரங்கம். அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி மலை, ஆறு, பீரங்கி எல்லாம் சேர்த்தார். 1898இல் ஃபிரெட் ஜேன் கடற்போர் ஆட்டம் கொண்டுவந்தார். 1913இல் பொம்மைப் படைகளுக்கு விதி எழுதியவர் எச்.ஜி.வெல்ஸ், செவ்வாய்வாசிகளின் படையெடுப்பைக் கற்பனை செய்த அதே எழுத்தாளர். கப்பல் விண்கலமாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை. 1979இல் ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’ வந்தது.

ஆக, கறுப்புத் துணிமேல் பறக்கும் கலங்களின் பூர்வீகம் யானை, குதிரை, தேர், காலாள் கொண்ட இந்தியச் சதுரங்கம்.

அந்தப் பூர்வீகத்தை மைசூரைப்போல் பேணிய அரசவை அரிது. மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) ஐந்து வயதில் அரியணை ஏறியவர். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டனர். ஆளப் படையில்லாத மன்னர் கட்டங்களில் படை நடத்தினார். குதிரை ஒன்று 64 கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டு வரும் வழிகளை வகுத்தார். அவரது ‘ஸ்ரீதத்வநிதி’ நூலின் ஒன்பதாம் பகுதியான கௌதுக நிதி ஆட்டங்களுக்கே உரியது. அவர் காலத்துக் கஞ்சீபாச் சீட்டு வகைகளில் நவக்கிரகங்களுக்கு ஒன்று உண்டு. சாமுண்டேஸ்வரி பெயரில் ஒன்று, அதில் 320 சீட்டுகள்!

அந்தச் சீட்டுகளைத் தீட்டும் ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆடுபவர்கள்தான் அரிது.

முயற்சி இல்லாமல் இல்லை. மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் ‘கிரீடா கௌசல்யா’ என்ற கண்காட்சியைப் பலமுறை நடத்தி, பழைய ஆட்டப் பலகைகளை மக்கள் கண்முன் கொண்டுவந்திருக்கிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘கிரீடா’ பல்லாங்குழியையும் தாயத்தையும் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. பலகையும் விதித்தாளும் இப்படிக் கிடைக்கின்றன. இனி வேண்டியது மேஜையருகே ஓர் ஆள்.

அவருக்கான வேலைத்திட்டம் விண்கலக்காரர்களிடமே இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு என்ற ஆடுபுலி ஆட்டத்தை ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். வந்தவரை அதில் உட்கார வைப்பது. 320 சீட்டையும் ஒரேயடியாக நீட்டாமல், நான்கு சின்னங்களை மட்டும் பிரித்துக் கொடுப்பது. தவறாக ஆடினால் திருத்துவது, தோற்றவரை அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பது. அக்ரஹாரத்துத் திண்ணைகளில் பாட்டிகள் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலையும் இதுதான். அந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது.