சிலந்தி இல்லாத அரக்னி கதை

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள 'நூற்பவர்கள்' ஓவியத்தில் முதலில் கண்ணில் படுவது உழைப்புதான். இடப்பக்கம் முக்காடிட்ட மூதாட்டி ராட்டை சுற்றுகிறாள். வலப்பக்கம் வெள்ளைச் சட்டைக்காரி முதுகு காட்டி அமர்ந்து நூலைச் சுற்றுகிறாள். தரையில் ஒரு பூனை. பின்னே படியேறினால் ஒளி நிறைந்த சிற்றறை. அங்கே தலைக்கவசம் அணிந்த ஒருத்தி கை ஓங்கி நிற்கிறாள். 1655–60 வாக்கில் டியேகோ வெலாஸ்கெஸ் வரைந்த இதை நெடுங்காலம் நெசவுப் பட்டறைக் காட்சி என்றே நம்பினார்கள். அது தவறு என்று 1948இல் தெரிந்தது. பேத்ரோ தே ஆர்சே என்ற அரண்மனை ஊழியரின் 1664ஆம் ஆண்டு உடைமைப் பட்டியலில் வெலாஸ்கெஸின் 'அரக்னியின் கதை' பதிவாகியிருந்தது.

நெசவில் மினர்வா தேவியையே போட்டிக்கு அழைத்து, தேவர்களின் குற்றங்களைத் துணியில் நெய்து காட்டியதால் சிலந்தியாக்கப்பட்ட பெண்தான் அரக்னி. ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை. அதை வரைபவர் தேவியைப் பெரிதாக்கி முன்னே நிறுத்துவார் என்றே எதிர்பார்ப்போம். வெலாஸ்கெஸோ தலைக்கவசம் அணிந்த அந்தத் தேவியோடு புராணத்தையே சிறிதாக்கிப் பின்னே சிற்றறைக்குத் தள்ளி, நூற்கும் கைகளுக்கு முன்னிடம் கொடுத்தார். கலை கையுழைப்பில்தான் பிறக்கிறது என்பதே இந்த அமைப்பின் பொருள் என்று கருதுகிறேன்.

இதற்கு மறுப்பு உண்டு. அன்றைய ஸ்பெயினில் ஓவியம் வெறும் கைத்தொழிலாகவே மதிக்கப்பட்டது. சந்தியாகோ வீரர் அணியில் சேர விரும்பிய வெலாஸ்கெஸுக்காக, அவர் ஓவியம் விற்றுப் பிழைத்தவரல்லர் என்று சாட்சிகள் சொல்ல வேண்டியிருந்தது. 1659இல்தான் அந்தக் கௌரவம் கிடைத்தது. அப்படிப்பட்டவர் கூலி வேலையை இருட்டில் விட்டு, கலையை மேலே ஒளியில் ஏற்றினார் என்று வாதிடலாம். படிகளும் ஒளியும் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் தூரிகையின் உச்சத் திறமை எங்கே செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். ராட்டையின் ஆரக்கால்கள் தெரியவில்லை. சுழற்சி மட்டுமே தெரிகிறது. அசையாத துணியில் வேகத்தை வரைந்த அந்த அதிசயம் தேவிக்கு அல்ல, மூதாட்டியின் ராட்டைக்குக் கிடைத்தது. நூல் சுற்றுபவளின் நீட்டிய கையிலும் வெள்ளைச் சட்டையிலும் ஒளி நன்றாகவே விழுகிறது.

இன்னொரு சான்று, சிற்றறையில் தெரியும் அரக்னி நெய்த திரைச்சீலை. அதில் இருப்பது, அன்று ஸ்பானிய அரசரிடம் இருந்த டிஷியனின் 'யூரோப்பா' ஓவியம். வெலாஸ்கெஸ் பெரிதும் போற்றிய ஓவியர் டிஷியன். அவரது படைப்பையே ஒரு நெசவுக்காரியின் கைவேலையாகக் காட்டியவர், அவள் தொழிலைத் தாழ்வாக நினைத்திருக்க முடியாது. தேவியின் கை ஓங்கியபடியே நிற்கிறது. அரக்னி இன்னும் பெண்ணாகவே இருக்கிறாள். ஓவியத்தில் சிலந்தி எங்கும் இல்லை.