அணையத் தெரிந்த தீக்குச்சி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அல்கான்குவின், பெயரளவில்தான் பூங்கா. 1893இல் ஒதுக்கப்பட்ட அந்தக் காட்டின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே 2,400க்கும் அதிகமான ஏரிகள். டொரன்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் என்பதால் கோடையில் நம்மவர்களும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். துணிந்தவர்கள் துடுப்புப் படகில் ஏரியைக் கடந்து, படகையே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். அங்கே கடை கிடையாது, கரண்ட் கிடையாது. ஆகஸ்டிலும் சில ராத்திரிகள் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். படகு கவிழ்ந்து நனைந்துவிட்டால் தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். மாற்றுத்துணிக்கு அடுத்தபடி நெருப்புதான் வைத்தியம்.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நம் ஏழாயிரம்பண்ணைச் சரக்கில் பட்டாசுக்கு அங்கே தடை. தீப்பெட்டியோ இல்லாமல் தீராது. லைட்டர் போதாதா என்றால், அதிலிருக்கும் பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டி ஆவியாக மறுத்து மக்கர் பண்ணும்.

குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போது அதில் துளியூண்டு, சட்டென்று பற்றும் வெள்ளை பாஸ்பரஸாக மாறிப் பொறி தருகிறது. குளோரேட் ஆக்ஸிஜனைக் கொடுக்க, தலை சீறி எரிகிறது. இரண்டு மருந்தையும் பிரித்து வைத்த ஸ்வீடன்காரர்களின் யோசனைதான் ‘பாதுகாப்புத் தீப்பெட்டி’. 1922இல் நம் பக்கத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் அது. தீக்குச்சிக்குப் பரம எதிரி ஈரம். பசை ஈரத்தை இழுத்தால் தலை நமுத்து, உரசினால் சொதசொதவென்று பெயர்ந்து வரும். மழை குறைந்த நம் பக்கத்து வெயில் இந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்ததும் அதனால்தான். ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் குச்சித் தலையை மெழுகில் முக்கி எடுத்துக்கொள்வதுண்டு.

பற்றவைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு வியப்பு, குச்சி அணைகிற விதத்தில். சாதாரண ஈர்க்கை எரித்து ஊதி அணைத்துப் பாருங்கள். நுனியில் செங்கங்கு கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும். நல்ல மரத் தீக்குச்சியில் சுடர் போனதும் கரி கறுத்துவிடும். மரக்குச்சியை முன்கூட்டியே அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பதன் பலன் இது. சூட்டில் அது சிதைந்து தரும் பாஸ்பாரிக் அமிலம், கரியின் மேல் ஆக்ஸிஜன் வேலை செய்யவிடாமல் மறிக்கிறது. வீட்டில் இருக்கும் பெட்டியை விளக்கணைத்துவிட்டுச் சோதிக்கலாம். எல்லாப் பெட்டியும் தேறாது.

கனலாத குச்சிக்கு வடக்குக் காட்டில் ஏன் அவ்வளவு மதிப்பு? அங்கே தரையே எரியும். நம் கரிசல் காட்டில் சருகைக் கரையான் விட்டுவைக்காது. அங்கோ குளிரில் சருகு மக்க வருடக்கணக்காகும். பைன் ஊசிகள், பாசி, வேர் எல்லாம் மெத்தையாகச் சேரும். அதில் விழுந்த கங்கு சுடரில்லாமல், புகைகூட அதிகம் காட்டாமல் உள்ளுக்குள் நகர்ந்து, வேர்வழியே வேறோர் இடத்தில் தலைகாட்டும். 2023இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல் காடு எரிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆல்பர்ட்டாவிலும் அந்தத் தீயில் சில, பனிக்கடியிலேயே குளிர்காலத்தைத் தாண்டி 2024லும் புகைந்தன.

அதனால் கல் அடுக்கிய குழியில் மட்டுமே தீ மூட்டலாம். கிளம்பும்போது ஏரித்தண்ணீரை ஊற்றி, குச்சியால் சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தட்டினால் இன்னொரு வாளி.