நீர்த்துளியின் பிடிப்பும் வேப்பங்கொட்டைக் கரைசலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த குடியானவர் ஒருவர், வேப்பங்கொட்டைக் கரைசலால் யாதொரு பயனும் இல்லையென்று சென்ற சம்பாப் பருவத்தில் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். கொட்டை பொறுக்கி, இடித்து, ஊறவைத்து, வடிகட்டியதெல்லாம் முறைப்படியே நடந்திருந்தது. வயலில் இறங்கிப் பார்த்தோம். தெளித்த கரைசல் நெல் இலைமீது முத்து முத்தாய்த் திரண்டு, உருண்டு, சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. சோப்புச் சேர்த்தீரா என்று வினவினோம். "மருந்து வேம்புதானுங்களே, சோப்பு எதுக்கு?" என்றார்.

கேள்வி நியாயமானதே. அவ்வூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மறுவாரம் நடந்த ஒரு சோதனையில் அதற்கு விடை கிடைத்தது. அவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம்.

மேசைமேல் ஒரு ரூபாய் நாணயம். அருகே மருந்துப் புட்டியின் சொட்டுக்குழாய். அவ்வளவே சாதனம். நாணயத்தின்மேல் எத்தனை துளி நீர் நிற்குமென்று ஆசிரியர் கேட்டார். ஐந்து என்றான் ஒருவன்; பத்து என்றாள் ஒருத்தி. 31 துளிகள் நின்றன. நீர் குன்றுபோல் புடைத்து, விளிம்பில் தொங்கி, 32ஆம் துளியில்தான் வழிந்தது. பின்னர் சோப்பு கரைத்த நீரை விட்டார்கள். 14ஆம் துளியிலேயே வழிந்தோடிற்று. அதற்குள், "சோப்புத் துளியே சின்னதாய்த்தான் விழுகிறது, ஐயா" என்றாள் ஒரு சிறுமி. நாமும் கவனிக்கத் தவறியதை அவள் கண்டுவிட்டாள். துளி சிறியது, எண்ணிக்கையும் குறைவு. ஆகவே நின்ற நீரின் அளவு இன்னும் குறைவென்பது தெளிவு.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளிருக்கும் மூலக்கூறு எல்லாப் பக்கமும் இழுக்கப்படுகிறது. மேற்பரப்பில் இருப்பதற்கோ மேலே துணையில்லை. அது உள்நோக்கியே இழுக்கப்படுகிறது. எனவே மேற்பரப்பு இயன்ற மட்டும் சுருங்கப் பார்க்கிறது. துளி உருண்டையாவது இதனால்தான். இந்தப் பரப்பு இழுவிசை, 25 பாகை செல்சியசில் தூய நீருக்கு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு நீருக்கு ஏறத்தாழ 30. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை நீரை வெறுக்கும். ஆகையால் அவை மேற்பரப்பில் வந்து நெருங்கி நின்று, நீர்மூலக்கூறுகளின் பிடிப்பைத் தளர்த்திவிடுகின்றன. இத்துறையில் முதன்மையான ஆராய்ச்சி ஒன்றைச் செய்தவர் கல்லூரி வாயிலை மிதியாத ஒரு பெண்மணி என்பதையும் மாணவிகளுக்குச் சொன்னோம். ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் தம் வீட்டிலேயே செய்த சோதனைகள் 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன.

அடுத்து நெல் இலை ஒன்றைப் பறித்து வரச் செய்தோம். மெழுகு பூசினாற்போன்ற அவ்விலையில் வெறும் நீர் ஒட்டவில்லை. சோப்பு நீர் படர்ந்து நனைத்தது. குடியானவர் இலையைத் தம் கையில் வாங்கி, மூன்று முறை தாமே விட்டுப் பார்த்தார். வேம்பு பூச்சியை உடனே கொல்வதைவிட, இலையைத் தின்னவொட்டாமல் தடுப்பதே பெரும்பாலும். இலையில் படியாத கரைசல் எப்படித் தடுக்கும்?

நன்கு உலர்ந்த வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குவது 5 சதக் கரைசல். சோப்புத்தூள் 200 கிராமைத் தனியே குழைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். வெயிலில் வேம்பின் வீரியம் குன்றும்; மாலையில் தெளிப்பதே நலம். சோப்பு மிகுந்தால் இலை கருகும். இன்னொன்று: கடின நீரில் துணிச்சோப்பு நுரைக்காமல் திரிந்து, தெளிப்பானின் துளையை அடைத்துக்கொள்ளும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் முதலில் ஒரு புட்டியில் சிறிது சோப்பிட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். நுரை எழாவிடில் மழைநீர் தேங்கிய குளத்து நீரைக் கொள்ளலாம். அன்றிச் சலவைத்தூளைச் சேர்க்கலாம்.